அரங்கும் அதன் வரத்துக்காலும்

(மணலியில் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசப் பணித்த பொருள் ‘விளையாட்டரங்கம்’ என்பது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் விளையாட்டரங்கத்துக்கும் என்ன இயைபு என்று சிலர் எண்ணுதல் கூடும். இயைபு உண்டு. மாலை மணி அடித்தபின் பிள்ளைகள் எங்கே போகின்றனர் என்பதைப் பொறுத்தே, மணி அடிக்குமுன் யாம் கற்பித்தது அவர்கள் உள்ளத்தில் நிலைப்பதும் நிலையாமையும் அமைகின்றன. அன்றியும், நம் சங்கத்துக்குரிய காலிமனை முழுவதிலும் கல்யாண மண்டபம் கட்டுதல் வேண்டும் என்னும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வரவிருக்கின்றது. அதன்மேல் எம் கருத்தைக் கூறுமுன், அதற்கு அடிப்படையான செய்திகள் சிலவற்றை உங்கள் திருமுன் வைக்க விரும்புகின்றோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தொல்காப்பியத்து உரியியல், ‘பண்ணை’ என்னும் சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் கூறுகின்றது. இன்று பண்ணை என்றால் நாம் விளைநிலத்தையே கருதுகின்றோம். விளையாட்டும் விளைநிலமும் ஒரே சொல்லுக்குப் பொருளாய் நிற்றல் சிந்திக்கத்தக்கது. திருவள்ளுவரோ, நூலறிவு நிரம்பாது அவையிற் பேசப் புகுவானை, அரங்கு வகுத்துக்கொள்ளாது வட்டாடப் புகுவானுக்கு ஒப்பிட்டார். அவ்விடத்து அரங்கு என்பது கோடு கிழித்து வகுத்த கட்டம். இனி, ‘ஸ்டேடியம்’ என்று உலகம் வழங்கும் சொல் கிரேக்கரது ‘ஸ்டேடியோன்’ என்பதினின்று பிறந்தது. அஃது ஆதியில் ஓர் அளவுப் பெயர். அறுநூறு அடி கொண்டது ஒரு ஸ்டேடியோன். ஒலிம்பியா நகரத்தில் அது ஏறத்தாழ 192 மீட்டர். அவ்வளவு தூரம் ஓடும் ஓட்டத்துக்கு அப்பெயர் வந்தது. பின்னர் ஓடிய இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே தமிழர்க்கும் சரி, கிரேக்கர்க்கும் சரி, அரங்கம் என்பது முதற்கண் கோடும் அளவுமேயாம். சுற்றிலும் எழுந்த படிவரிசைகளும் விளக்குத் தூண்களும் பின்னர் வந்து சேர்ந்தவை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நம் நகரத்தின் பேரரங்கம், சென்ட்ரல் புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில், பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். அது நிற்கும் நிலம், ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், நகர மாந்தர் காற்று வாங்கி உலாவுதற்கென வகுத்த ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கட் பூங்காவைச் சேர்ந்தது. அப்பூங்கா நாளடைவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடங்கொடுத்துச் சுருங்கிற்று. மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் அதன் பரப்பில் எழுந்தவையே. விலங்குக் காட்சிசாலையும் வண்டலூருக்குப் பெயருமுன் அங்கேதான் இருந்தது. பூங்கா என்னும் பெயர் மறைந்துபோன பின்னும், மக்கள் கூடிக் களிக்கும் இடமாக அந்நிலத்திற் பெரிதும் எஞ்சியது இவ்விளையாட்டரங்கமேயாகும்.

முன்னாளில் அது ‘கார்ப்பொரேஷன் ஸ்டேடியம்’ எனப்பட்டது. 1956 முதல் 1965 வரை ஒன்பது கிரிக்கெட் டெஸ்ட் பந்தயங்கள் அங்கே நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூஸிலாந்து அணிக்கு எதிராக வினூ மங்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். உலகத்தில் எவரும் அதனைக் கடக்க 2008 வரை, 52 ஆண்டுகள் சென்றன. 1962இல் இங்கிலாந்தை அங்கே வென்றதனால், அந்நாட்டுக்கு எதிரான பந்தய வரிசையை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றிற்று. 1964 ஜனவரியில் பாபு நட்கர்ணி என்பார் தொடர்ந்து 131 பந்துகளை ஓர் ஓட்டமும் கொடாமல் வீசினார். அவர் 32 ஓவர் வீசி அளித்த ஓட்டங்கள் ஐந்தேயாம். பொறுமை என்னும் பாடத்தை வகுப்பறையில் விரித்துரைக்கும் எம்போன்றோர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இவ்வரங்கம் 1993இல் இன்றைய பேருருவம் பெற்றது. ஏறத்தாழ 40,000 பேர் அமரும் வெளியரங்கமும், 8,000 பேர் அமரும் உள்ளரங்கமும் அமைந்தன. 1995 டிசம்பரில் தெற்காசிய நாடுகள் ஏழும் கூடிய விளையாட்டு விழாவுக்கு இதுவே தலைமைக் களம். 2014 முதல் சென்னையின் எப்.சி. என்னும் கால்பந்து அணிக்கு இது தாயகமாயிற்று. மாமல்லபுரத்தில் நடந்த 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா, 2022 ஜூலை 28இல் இதன் உள்ளரங்கத்தில் நிகழ்ந்தது. 2024 ஜனவரியில் நாடெங்குமுள்ள இளையோர் பங்குகொண்ட கேலோ இந்தியா விளையாட்டுக்களும் இங்கேயே தொடங்கின; அவற்றில் நம் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது; பதக்க வரிசையில் தமிழ்நாடு இரண்டாமிடம் எய்திற்று.

இத்தகைய பேரரங்கத்தால் ஒரு நாட்டுப்பகுதிக்கு விளையும் பயன் யாது? மூன்று கூறலாம். ஒன்று, பல்லாயிரவரை ஒரே காட்சியில் ஒன்றுபடுத்துதல். இரண்டாவது, காண்கின்ற சிறுவனுக்கு ‘நாமும் இங்கே நிற்கலாம்’ என்னும் எண்ணத்தை ஊட்டுதல். மூன்றாவது, அளவு. நானூறு மீட்டர் ஓடுபாதை, எட்டுத் தடம், ஒவ்வொரு தடத்துக்கும் 1.22 மீட்டர் அகலம். டோக்கியோவில் உள்ள பாதையும் பெரியமேட்டில் உள்ள பாதையும் ஒரே அளவின. ஆதலின் இங்கே ஓடிய சிறுமி ஒருத்தியின் நேரத்தை உலகத்து எந்தச் சிறுமியின் நேரத்தோடும் ஒப்பிட்டு நோக்கலாம். தெருவில் எவ்வளவு விரைந்து ஓடினும் இவ்வொப்பீடு வாயாது. மூன்றனுள்ளும் இதுவே தலையாயது என்பது எம் துணிபு.

இவ்வளவைப் பற்றி எம் மாணாக்கன் ஒருவன் கேட்ட கேள்வியை இங்கே கூறுதல் தகும். சில ஆண்டுகட்கு முன்பு, பந்தயம் ஒன்றன் பொருட்டுப் பிள்ளைகள் சிலரை அவ்வரங்கத்துக்கு அழைத்துச் சென்றோம். மணலித் தெருக்களில் நேராக ஓடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு நிறுத்தியபொழுது, உட்புறத்து முதல் தடம் பெற்ற நம் பையன், மற்றவர்கள் ஒருவரின் ஒருவர் முன்னே நிற்பதைக் கண்டு திகைத்து, “ஐயா, அவங்களை மட்டும் ஏன் முன்னாடி நிறுத்துறாங்க? இது நியாயமா?” என்று கேட்டான். யாம் விளக்கினோம்: வளைவிலே வெளித்தடத்தின் சுற்று நீளமானது, எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளித்தடத்தான் மிகுதியான தூரம் ஓட நேரும், ஆகவே இரண்டாந் தடத்தானை 7.04 மீட்டரும், எட்டாந் தடத்தானை 53.03 மீட்டரும் முன்னே நிறுத்துகின்றனர். இது சலுகையன்று, கணக்கு. அவன் சற்றே எண்ணிப் பார்த்து, “அப்படின்னா சரிதான், ஐயா” என்றான். ஓட்டத்தில் ஐந்தாமவனாக வந்தான்.

அன்பர்களே! அவனினும் விரைந்து ஓடவல்ல மற்றொருவன் எம் வகுப்பில் இருந்தான். அவன் அன்று வரவில்லை. காரணம் கேட்டபொழுது, “அங்கே போயிப் பழகினவங்கதான் ஜெயிப்பாங்க, தினம் போயிட்டு வர வீட்டுல காசு இல்ல, ஐயா” என்றான். மணலியினின்று பெரியமேடு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பள்ளி விட்டபின், கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும் சாலையைக் கடந்து, பேருந்து மாறிச் சென்று, ஒரு மணிநேரம் பயின்று, இருட்டியபின் வீடு திரும்புதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகுமா? பெண்பிள்ளைக்கு எந்தத் தாய் இசைவாள்? அவன் இன்று ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கின்றான். உழைத்து உண்ணுதல் இழிவன்று. ஆனால் அவன் எவ்வளவு விரைந்து ஓடக்கூடியவன் என்பது அவனுக்கும் தெரியாமற் போயிற்று, நாட்டுக்கும் தெரியாமற் போயிற்று.

மணலி இந்நகரத்தின் எட்டாந் தடம். 1965இல் மதராஸ் ரிபைனரீஸ் நிறுவப்பெற்று, 1969இல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கிற்று. அதுவே இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பொரேஷன் எனப்படுகின்றது. 1966இல் மதராஸ் உர நிறுவனம் தோன்றிற்று. அவற்றைத் தொடர்ந்து ஆலைகள் பல எழுந்தன. 2011இல் மணலி மாநகராட்சியோடு இணைந்தது. நம் குடும்பங்களுட் பலவற்றுக்குச் சோறு தந்த தொழில்களைப் பழிப்பது எம் கருத்தன்று. ஆயினும், தொழில் வந்த வேகத்தில் மேய்ச்சல் நிலமும் களத்துமேடும் தோப்பும் மறைந்தன; அவற்றுக்கு ஈடாகப் பிள்ளைகள் ஓடியாடப் போதிய வெளி கிடைக்கவில்லை. வட்டத்தின் வெளிப்புறத்தில் நிற்பவனுக்குத் தூரம் மிகுதி என்று கணக்கு ஒப்புக்கொள்கின்றது. அவனைச் சற்றே முன்னிறுத்த வேண்டியவர் யார்? அரசினரும் மாநகராட்சியாரும் செய்யவேண்டுவன உண்டு; அவற்றைக் கேட்போம். நாம் செய்யக்கூடுவதும் ஒன்று உண்டு.

வடசென்னைக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவு என்று எவரும் கூற இயலாது. கேரம் ஆட்டத்தில் இருமுறை உலக வாகையராகி, அவ்வாட்டத்துக்கு முதன்முதல் அர்ஜுனா விருது பெற்றுத் தந்த மரிய இருதயம் நம் நகரத்தவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பகுதியினின்று சென்றவர். வியாசர்பாடிச் சந்துகளிற் கால்பந்து பழகிய பிள்ளைகள் சென்னையின் எப்.சி. அணிவரை உயர்ந்துள்ளனர், தனபால் கணேஷ் அவருள் ஒருவர். குத்துச்சண்டைக்கு வடசென்னை பெற்றுள்ள பெயர் நாடறிந்தது. இவற்றை நோக்குங்கால் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 செண்டிமீட்டர் சதுரம். குத்துச்சண்டைக்கு ஒரு கூடம் போதும். இடம் சுருங்கிய மக்கள், கிடைத்த சிற்றிடத்தையே அரங்கமாக வகுத்துக்கொண்டு அதில் உலகை வென்றிருக்கின்றனர். இவர்களுக்குச் சிறிது வெளியும் கிடைத்திருந்தால் எய்தக்கூடியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்!

பேரரங்கத்தை ஏரிக்கு ஒப்பிடலாம். மாத்தூர் ஏரியையும் கடப்பாக்கத்து ஏரியையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஏரி எவ்வளவு பரந்ததாயினும், கரை எவ்வளவு உயர்ந்ததாயினும், வரத்துக்கால் தூர்ந்துபோனால் நீர் நில்லாது. தெருக்கோடியில் உள்ள சிறு களங்களே விளையாட்டரங்கத்தின் வரத்துக்கால்கள். 2004இல் ஒலிம்பிக் விளையாட்டுக்களை நடத்திய ஏதென்ஸ் நகரத்தில், அதற்கெனக் கட்டிய அரங்கங்கள் பல பின்னர்ப் பயன்படுத்துவாரின்றிப் பாழாயின. இலண்டன் நகரத்தாரோ, 2012 விளையாட்டுக்களுக்கு, ஆலைகளாற் கெட்டுப்போயிருந்த கிழக்குப் பகுதியாகிய ஸ்ட்ராட்போர்டைத் தேர்ந்து, மாசுற்ற மண்ணைக் கழுவித் தூய்மை செய்து, அரங்கத்தையும் பூங்காவையும் அங்கே அமைத்தனர். விழா முடிந்தபின்பும் அவை மக்களுக்குப் பயன்பட்டு வருகின்றன. தொழிற்பகுதி என்பதனால் ஓர் ஊர் புறக்கணிக்கத்தக்கது அன்று என்பதற்கு இது சான்று.

இனி நம் மனைக்கு வருவோம். அஃது ஆறு கிரவுண்டு. முழுவதிலும் மண்டபம் எழுப்பவேண்டும் என்பாரின் நியாயத்தை யாம் அறியாதவரல்லேம். ஏழைக் குடும்பத்தார் பெண்ணுக்கு மணம் முடிக்குங்கால், மண்டப வாடகைக்கே கடன்படுகின்றனர். ஆகையால் மண்டபம் வேண்டும். எம் விண்ணப்பம் இது: முன்புறத்து மூன்று கிரவுண்டில் மண்டபத்தை மாடியோடு கட்டுக, பின்புறத்து மூன்று கிரவுண்டைக் களமாக விடுக. நானூறு மீட்டர் ஓடுபாதைக்குச் சுமார் 4 ஏக்கர் வேண்டும். அதைப் பேரரங்கமே தரவல்லது. கபடிக் களமோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் விடவேண்டிய வெளியோடு இவ்விரண்டும் மூன்று கிரவுண்டில் அடங்கும். செலவு, மண் பரப்பிச் சமன் செய்தல், வேலி, இரண்டு விளக்கு, குடிநீர்க் குழாய், பெண்பிள்ளைகள் உடைமாற்ற ஓர் அறை, அவ்வளவே.

பெண்பிள்ளைகளுக்கும் களமா என்று கேட்பார் உளர். 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், நம் நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகரத்துப் பெண் ஒருவரும் இருந்தார். குடியேற்றப் பகுதியாகிய கண்ணகி நகரால் இயன்றது மணலியால் இயலாதோ? மாலை ஐந்து முதல் ஆறரை வரை பெண்களுக்கு என்று வகுத்துவிட்டால், தாய்மாரே உடனிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

முகூர்த்த நாளில் மோட்டார் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பது மற்றொரு தடை. முகூர்த்தம் ஆண்டிற் சில நாள். பிள்ளைகளின் மாலைப்பொழுதோ ஆண்டு முழுவதும் உண்டு. வேறு வழியில்லையேல் அந்நாளிற் களத்தை வண்டிகளுக்கு விடலாம். ஆனால் மறுநாட் காலைக்குள் தரையைச் செப்பனிட்டுக் கோடு மீண்டும் போட்டுத் தருதல் வேண்டும் என்னும் விதியை வாடகைச் சீட்டிலேயே எழுதிவிடுக.

கடைசித் தடையே பெரிது. “நம் சங்கத்துப் பணத்தால் ஆகும் களத்தில் பிற குலத்துப் பிள்ளைகளும் ஆடலாமோ?” என்று வெளிப்படையாகவும் மறைவாகவும் கேட்கின்றனர். மூத்தோர் முன்னிலையில் பணிவோடும் தெளிவோடும் விடை கூறுகின்றோம். பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் என அணிவகுத்துப் பல ஆண்டுகள் கிரிக்கெட் ஆடினர். 1946இல் அவ்வழக்கம் ஒழிந்தது. அந்நாளில் பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர், தோற்றொழில் செய்யும் குலத்திற் பிறந்தவர் என்பதனால், தம் அணியினரோடு ஒக்க அமர்ந்து தேநீர் பருகவும் இடம் பெற்றிலர். அவர் 1911இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுக்களை வீழ்த்தினார். அத்துணைத் திறமை இருந்தும் ஹிந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் அதனைப் பெற்றார். அன்று பாலுவைத் தனியே நிறுத்தினவர்களின் பெயரை இன்று யார் நினைக்கின்றனர்?

அறத்தை விட்டு, ஆதாயத்தையே நோக்கினும் முடிவு மாறாது. அரங்கத்தின் தலையாய பயன் அளவு என்று முன்னே கூறினோம். தம்முட் பத்துப் பிள்ளைகளோடு மட்டும் ஓடி முதல் வந்தவன், தன் அளவை அறியாதவன். எல்லாரோடும் ஓடித் தோற்றவன் தன் அளவை அறிந்தவன்; அவனே பின்னர் வெல்லுவான். நம் பிள்ளைகள் நலத்தின்பொருட்டே அக்களம் ஊர்ப் பிள்ளைகள் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கதவில் நம் சங்கத்தின் பெயர் இருக்கட்டும். உள்ளே வருவோரை யாதொரு பெயரும் கேளாதிருப்போம்.

ஆகவே மூன்று வேண்டுகோளைத் தீர்மானத்தோடு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். மனையிற் பாதி களமாக நிலைத்திருத்தல் ஒன்று. ஆண்டுதோறும் மண்டப வருவாயில் ஒரு பகுதியை, பேரரங்கத்துக்குப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் காலணிக்கும் ஒதுக்குதல் இரண்டு. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை மாலைதோறும் வரவழைத்தல் மூன்று. இம்மூன்றும் நடைபெறின், பந்தயம் வேண்டா என்று வீட்டில் தங்கிவிடும் பிள்ளை இனி நம் தெருவில் இரான்.

தீர்மானம் எவ்வாறு முடியினும் சங்கத்தின் ஒற்றுமை குலையாது என்னும் நம்பிக்கை எமக்கு உண்டு.